350 கி.மீ. தள்ளி வந்த நிலநடுக்கம், ஒரு நகரத்தை மட்டும் குறிவைத்தது ஏன்?

2025 மார்ச் 28 அன்று வாட்ஸ்அப்பில் சுற்றிய அந்த வீடியோ பலருக்கு இன்னும் நினைவிருக்கும். பாங்காக்கில் ஒரு வானளாவிய கட்டடம். அதன் உச்சியில் உள்ள நீச்சல் குளத்தில் தண்ணீர் அலையடித்து, விளிம்பைத் தாண்டி, அருவிபோலத் தெருவில் கொட்டுகிறது. அதே நகரில் கட்டுமானத்தில் இருந்த 30 மாடிக்கும் மேற்பட்ட அரசுக் கட்டடம் ஒன்று, சில விநாடிகளில் புழுதி மேகமாகச் சரிந்தது.

நிலநடுக்கம் வந்ததோ மியான்மரில், மண்டலே நகருக்கு அருகில். அளவு 7.7. அங்கிருந்து பாங்காக் சுமார் 1,000 கி.மீ. சென்னைக்கும் மும்பைக்கும் இடையில் நேர்க்கோட்டில் எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு.

சரிந்த அந்தக் கட்டடத்தின் தரம் எப்படி இருந்தது என்பது தனி விவகாரம், அதற்கு விசாரணைகள் நடந்தன. ஆனால், அவ்வளவு தொலைவில் உள்ள ஒரு நகரத்தின் நீச்சல் குளங்கள் ஏன் அப்படித் தளும்பின? பாங்காக்கின் காலடியில் இருப்பது, சாவோ பிரயா ஆறும் கடலும் சேர்ந்து படிய வைத்த மென்மையான களிமண். பூமிக்குள் எங்கோ கிளம்பிய அதிர்வு, பாறை வழியாக ஓடிவந்து இந்தக் களிமண்ணுக்குள் நுழைந்ததும் தன் குணத்தை மாற்றிக்கொண்டது.

நிலநடுக்கச் செய்தி வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, 'ரிக்டர்ல எவ்வளவு?'. இரண்டாவது, 'நம்ம ஊர்ல இருந்து எவ்வளவு தூரம்?'. மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. 'நம்ம வீட்டுக்கு அடியில என்ன மண்ணு?' இதை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை உலகத்துக்குக் காட்டிய ஊர், மெக்சிகோ சிட்டி.

காலை 7.17

1985 செப்டம்பர் 19, வியாழக்கிழமை. பள்ளிகளும் அலுவலகங்களும் பெரும்பாலும் தொடங்கியிராத நேரம். பசிபிக் கடலோரத்தில், மிச்சோவாகான் மாநிலத்தை ஒட்டி 8.0 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கிருந்து தலைநகர் மெக்சிகோ சிட்டி ஏறத்தாழ 350 கி.மீ. தள்ளி இருக்கிறது.

வழக்கமான கணக்குப்படி, கடலோர ஊர்கள்தான் தரைமட்டமாகியிருக்க வேண்டும். அங்கேயும் சேதம் இருந்தது. ஆனால், பெரிய அடி விழுந்தது தலைநகரில். சுமார் 400 கட்டடங்கள் இடிந்தன. 3,000-க்கும் அதிகமானவை மோசமாகச் சேதமடைந்தன. உயிரிழந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒருமித்த கணக்கு இல்லை. 5,000 என்பார்கள், 10,000 என்பார்கள், அதற்கும் மேலே என்பாரும் உண்டு.

ஹுவாரெஸ் மருத்துவமனையின் கட்டடம் அப்படியே அமுங்கிப்போனது. அந்த இடிபாடுகளுக்குள்ளிருந்து, பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகள் பல நாள்கள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டார்கள். மெக்சிகோ மக்கள் அவர்களை 'அதிசயக் குழந்தைகள்' என்று இன்றும் சொல்கிறார்கள். மீட்புப் பணிக்கு அரசு எந்திரம் வந்து சேரும்வரை காத்திருக்காமல், சாதாரண இளைஞர்கள் இடிபாட்டுச் சந்துகளில் தவழ்ந்து நுழைந்தார்கள். 'டோபோஸ்' என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. ஸ்பானிய மொழியில் மண்ணைக் குடைந்து வாழும் அகழெலியைக் குறிக்கும் சொல் அது. அன்று உருவான அந்தத் தன்னார்வக் குழு, பின்னாளில் வெளிநாட்டு நிலநடுக்கங்களுக்கும் உதவப் போகும் அளவுக்கு வளர்ந்தது.

விஞ்ஞானிகளைக் குழப்பியது இன்னொரு விஷயம். இடிந்த கட்டடங்கள் நகரம் முழுவதும் பரவி இல்லை. நகரத்தின் மையப் பகுதியில் குவிந்திருந்தன. தெற்கே, எரிமலைக் குழம்பு உறைந்த பாறை மேல் அமைந்திருக்கும் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழக வளாகத்தில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அங்கே இருந்த கருவியில், நிலம் குலுங்கிய வேகமாற்றம் புவியீர்ப்பின் 3 முதல் 4 சதவிகிதம்தான் பதிவாகியிருந்தது. அதே நகரில், சில கிலோமீட்டர் தள்ளி, போக்குவரத்து அமைச்சக வளாகத்தில் இருந்த கருவியில் 17 சதவிகிதம். நான்கைந்து மடங்கு!

இதைவிட ஆச்சர்யம், நிலநடுக்கத்தின் தலைக்கு மேலேயே இருந்த கடலோரக் கருவி ஒன்றில்கூட இந்த அளவு பதிவாகவில்லை. 350 கி.மீ. பயணம் செய்து களைத்துப்போயிருக்க வேண்டிய அதிர்வுக்கு, இங்கே மறுபடியும் உயிர் வந்தது எப்படி?

காணாமல் போன ஏரி

விடை 600, 700 ஆண்டுகளுக்கு முன்னால் இருக்கிறது. 1325 வாக்கில் அஸ்டெக் மக்கள் தங்கள் தலைநகரான டெனோச்டிட்லானை டெஸ்கோகோ என்ற பெரிய ஏரியின் நடுவே, ஒரு தீவில் அமைத்தார்கள். படகில் போய் வந்தார்கள். ஏரிச் சேற்றை அள்ளி மேடாக்கி, அதில் காய்கறியும் சோளமும் பயிரிட்டார்கள். தண்ணீரோடு வாழத் தெரிந்த ஊர் அது.

1521-ல் ஸ்பானியர்கள் அந்த நகரத்தைப் பிடித்தார்கள். இடித்த நகரத்தின் மேலேயே புதிய நகரத்தைக் கட்டினார்கள். ஆனால், ஏரியோடு அவர்களுக்கு ஒத்துப்போகவில்லை. அடிக்கடி வெள்ளம். 1629-ல் வந்த வெள்ளம் வடிய ஐந்து ஆண்டுகள் ஆயிற்று. ஏரியையே வடித்துவிடுவது என்று முடிவு செய்து, மலையைக் குடைந்து வாய்க்கால் வெட்டினார்கள். நூற்றாண்டுகள் நடந்த அந்த வேலையில் ஏரி கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. அதன் படுகையில் சாலைகள், தேவாலயங்கள், பிறகு அடுக்குமாடிகள் எழுந்தன.

தண்ணீர் போய்விட்டது, ஏரி போகவில்லை. மெக்சிகோ சிட்டியின் மையப் பகுதிக்குக் கீழே, பல பத்து மீட்டர் ஆழத்துக்கு எரிமலைச் சாம்பல் கலந்த களிமண் இருக்கிறது. அதில் ஒரு கிலோ உலர்ந்த மண்ணுக்கு மூன்று, நான்கு கிலோ தண்ணீர் சேர்ந்திருக்கும் இடங்கள் உண்டு. மண்ணை விடத் தண்ணீர் அதிகம்! ரம்ஜான் நோன்பு நாள்களில் வீடுகளில் செய்யும் கடல்பாசி தெரியுமல்லவா? தட்டில் துண்டு போட்டு வைத்து, தட்டை லேசாகத் தட்டினால் அது மட்டும் தளதளவென்று ஆடிக்கொண்டே இருக்கும். தட்டு நின்ற பிறகும் ஆடும். பாறை என்பது தட்டு. டெஸ்கோகோ களிமண் என்பது அந்தக் கடல்பாசி.

இந்த மண் எவ்வளவு இளகியது என்பதற்கு அந்த ஊரிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. 1910-ல் திறக்கப்பட்ட சுதந்திர தேவதைத் தூணின் அடித்தளம் ஆழமாக, உறுதியாகப் போடப்பட்டது. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, சுற்றியிருக்கும் நகரம் கீழே இறங்கிக்கொண்டே போனது. தூண் இறங்கவில்லை. அதனால் தூணுக்கு ஏறும் படிகளில் இதுவரை 14 படிகளைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டி வந்திருக்கிறது. 1957 நிலநடுக்கத்தில் உச்சியில் இருந்த தேவதைச் சிலையே கீழே விழுந்து நொறுங்கியது வேறு கதை.

ஊஞ்சலை எப்போது தள்ள வேண்டும்?

பாறையில் அதிர்வு வேகமாக ஓடும். மென்மையான மண்ணுக்குள் நுழைந்ததும் அதன் வேகம் சட்டென்று குறையும். ஆனால், அது சுமந்துவந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டுமே? நெடுஞ்சாலையில் வேகமாக வந்த வண்டிகள் சுங்கச்சாவடியில் நெருக்கியடிப்பதுபோல, ஆற்றல் குறுகிய இடத்தில் நெருங்கிச் சேர்கிறது. அலையின் உயரம் கூடுகிறது. நிலம் அதிகமாக ஆடுகிறது. போதாததற்கு, கிண்ணம் போன்ற படுகைக்குள் வந்த அலைகள் விளிம்பிலும் அடியிலும் மோதி மோதித் திரும்புகின்றன. பாறையில் சீக்கிரம் அடங்கிவிடும் ஆட்டம், ஏரிப் படுகையில் நீண்டுகொண்டே போகிறது.

இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு. அதுதான் 1985-ல் அத்தனை உயிர்களைக் குடித்தது.

ஊஞ்சலில் குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்டபடி தள்ளினால் ஊஞ்சல் தடுமாறும். அது பின்னால் வந்து, முன்னால் கிளம்பும் அந்த நொடியில் ஒரு விரலால் தள்ளினாலே போதும், உயர உயரப் போகும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அப்படி ஓர் இயல்பான ஆட்டக் காலம் இருக்கிறது. பொறியாளர்கள் தோராயமாகச் சொல்லும் கணக்கு, ஒரு மாடிக்கு 0.1 விநாடி. அதாவது, 10 மாடிக் கட்டடம் ஒருமுறை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடித் திரும்ப ஏறக்குறைய ஒரு விநாடி எடுத்துக்கொள்ளும். 

மண்ணுக்கும் ஆட்டக் காலம் உண்டு. மெக்சிகோ சிட்டியின் ஏரிப் படுகையில், அதிகம் சேதமான பகுதியில் அது ஏறக்குறைய இரண்டு விநாடி. நிலம் இரண்டு விநாடிக்கு ஒருமுறை, தாளம் தப்பாமல், திரும்பத் திரும்ப ஆடியது. நடுத்தர உயரக் கட்டடங்கள் முதல் சில ஆட்டத்திலேயே விரிசல் விட்டன. விரிசல் விட்ட கட்டடம் தளர்ந்துபோகும். தளர்ந்தால் அதன் ஆட்டக் காலம் நீளும். ஒரு விநாடியாக இருந்தது ஒன்றரை ஆகும், இரண்டை நெருங்கும். நெருங்க நெருங்க, மண்ணின் தாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஊஞ்சலைச் சரியான நொடியில் தள்ளும் கை, இப்போது நிலத்தின் கை.

அதனால்தான் அன்று ஒரு விசித்திரக் காட்சி. ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்கள் வரிசையாக விழுந்துகிடக்க, பக்கத்திலேயே ஒன்றிரண்டு மாடி வீடுகளும், நூற்றாண்டுகள் பழைமையான கல் கட்டடங்கள் பலவும் நின்றன. அவை விறைப்பானவை. அவற்றின் தாளம் வேறு. இன்னொரு பக்கம், 1956-ல் கட்டி முடித்த 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரமும் அசையாமல் நின்றது. அசையாமல் என்றால், நன்றாக ஆடிவிட்டு நின்றது. அதை வடிவமைத்த லியோனார்டோ சீவர்ட், ஏரி மண்ணை முதலில் ஆராய்ந்து, 30 மீட்டருக்கும் கீழே உறுதியான அடுக்கு வரை தூண்களை இறக்கியிருந்தார். கோபுரத்தின் ஆட்டம் மண்ணின் ஆட்டத்தைவிட மெதுவானது. இரண்டும் கைகோக்கவில்லை. உயரமான கட்டடம்தான் முதலில் விழும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கோபுரம் நல்ல பதில்.

கட்டடங்களில் குறையே இல்லை என்று அர்த்தமல்ல. போதாத கம்பி, தெருமுனைக் கட்டடங்களில் ஒரு பக்கம் மட்டும் சுவர் என்று பல தவறுகள் பின்னர் வெளியே வந்தன. ஆனால், அதே தவறுகளோடு பாறை மேல் நின்ற கட்டடங்கள் தப்பித்தன. மண் மன்னித்த இடத்தில் தப்பித்தன, மண் மன்னிக்காத இடத்தில் விழுந்தன என்றே சொல்ல வேண்டும்.

அதே தேதி, வேறு தாளம்

1985-க்குப் பிறகு மெக்சிகோ சிட்டி தன் கட்டட விதிகளை இறுக்கியது. பாறை மண்டலம், இடைநிலை மண்டலம், ஏரி மண்டலம் என்று நகரத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. கடலோரத்தில் கருவிகளை வைத்து, அதிர்வு தலைநகரை அடையும் முன்பே சைரன் ஒலிக்கும் எச்சரிக்கை அமைப்பு 1991-ல் செயல்படத் தொடங்கியது. மின் சைகை அதிர்வை விட வேகமாக ஓடும் என்பதால், தூரமே கிடைத்த வரம். ஒரு நிமிட அவகாசம்கூடக் கிடைக்கும்.

2017-ல் அந்த வரம் கிடைக்கவில்லை. மறுபடியும் செப்டம்பர் 19. 1985 நினைவாகக் காலை 11 மணிக்கு நகரம் முழுவதும் ஒத்திகை நடந்தது. மக்கள் வெளியே வந்து நின்றுவிட்டு, உள்ளே போய் வேலையைப் பார்த்தார்கள். மதியம் 1.14-க்கு நிஜமாகவே நிலம் ஆடியது. அளவு 7.1 தான். ஆனால், மையம் 120 கி.மீ. தொலைவில். பல இடங்களில் சைரன் ஒலித்தபோது நிலம் ஆடத் தொடங்கிவிட்டது. நகரில் 228 பேர் உயிரிழந்தார்கள்.

இந்த முறை அதிகம் விழுந்தவை 1985-ல் விழுந்த உயரக் கட்டடங்கள் அல்ல, அவற்றைவிடக் குட்டையானவை. விழுந்த இடமும் மாறியது. களிமண் அடுக்கு மெலிதாக இருக்கும் ஏரியின் மேற்கு ஓரப் பகுதிகளில் சேதம் குவிந்தது. அருகில் வந்த நிலநடுக்கம் விரைவான தாளத்தில் ஆட்டியது. மெலிதான களிமண் அந்தத் தாளத்துக்கு இசைந்து ஆடியது. அந்தத் தாளத்துக்கு ஏற்ற உயரத்தில் இருந்த கட்டடங்கள் மாட்டிக்கொண்டன. ஒரே ஏரி, ஒரே நகரம், ஆனால் ஒரு நிலநடுக்கத்தில் தப்பித்த தெரு அடுத்ததிலும் தப்பிக்கும் என்று உறுதி இல்லை.

அகமதாபாத் சொன்னது

இதெல்லாம் எங்கோ மெக்சிகோவில்தானே என்று தள்ளிவிட முடியாது. 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலையில் குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவில் வந்த நிலநடுக்கம், 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் ஏறக்குறைய 70 அடுக்குமாடிகளைச் சாய்த்தது. 700-க்கும் அதிகமானோர் அந்த ஒரு நகரத்தில் மட்டும் இறந்தார்கள். சபர்மதி ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த ஆழமான வண்டல் மேல் நிற்கும் ஊர் அது. விழுந்தவற்றில் பலவற்றுக்கு இன்னொரு ஒற்றுமை இருந்தது. கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரில்லாமல், வெறும் தூண்களில் நிறுத்தியிருந்தார்கள். மேலே கனமான வீடுகள், கீழே ஒல்லியான கால்கள். வண்டல் ஆட்டியதும் கால்கள் மடங்கின.

தமிழ்நாட்டில் அடுக்குமாடி வீடு வாங்குபவர்களுக்கு அந்தத் தரைத்தளம் நன்றாகப் பழகிய காட்சி. சென்னை முன்பு குறைந்த ஆபத்துள்ள இரண்டாம் மண்டலத்தில் இருந்தது. 2002-ல் இந்திய நிலநடுக்க வரைபடம் திருத்தப்பட்டபோது மூன்றாம் மண்டலத்துக்கு, அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதிக்கு மாற்றப்பட்டது. சுமத்ரா பக்கம் நடந்த 2012 ஏப்ரல் நிலநடுக்கத்தின்போது, உயரமான அலுவலகங்களில் இருந்தவர்கள் பதறி வெளியே ஓடிவர, தரையில் நின்றவர்கள் பலர் 'என்ன ஆச்சு?' என்று கேட்டார்கள். தொலைவிலிருந்து வரும் மெதுவான தாளம் உயரத்தில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் கேட்கும்.

சென்னையிலும் ஏரி மேல் எழுந்த பகுதிகள் உண்டு. 1920-களில் மாம்பலம் ஏரியை வடித்து உருவானதுதான் தியாகராய நகர். இன்றும் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது, ஏரிதான் இல்லை. அதற்காகத் தி.நகரை மெக்சிகோ சிட்டியோடு ஒப்பிடுவது அநியாயம். நம்மூர் ஏரிகள் பாசனத்துக்குக் கரை கட்டித் தேக்கியவை, ஆழம் குறைந்தவை. டெஸ்கோகோ போலப் பல பத்து மீட்டர் எரிமலைக் களிமண் இங்கே இல்லை. அருகில் பெரிய நிலநடுக்கங்களை உருவாக்கும் கடலோரப் பிளவும் இல்லை. ஆனால், ஒரே நகரத்துக்குள் பாறையும் இருக்கிறது, சதுப்பும் இருக்கிறது. பரங்கிமலையும் பள்ளிக்கரணையும் ஒரே ஊர்க்காரர்கள்தான். மண்டல வரைபடம் இரண்டுக்கும் ஒரே நிறத்தைப் பூசும். அதனால்தான் நகரங்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து மண்ணை ஆராயும் 'மைக்ரோசோனேஷன்' பணியை மத்திய புவி அறிவியல் துறை எடுத்திருக்கிறது. அதில் சென்னையும் கோவையும் இடம்பெற்றிருக்கின்றன.

வீடு வாங்குபவர் கேட்க வேண்டிய ஒரு தாள்

வரைபடம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுக்குமாடி கட்டும் முன்பு மண் பரிசோதனை செய்வது வழக்கம். அந்த அறிக்கையை வீடு வாங்குபவர்கள் கேட்டுப் பார்ப்பது அரிது. டைல்ஸ் எந்த கம்பெனி, லிஃப்ட் எந்த கம்பெனி என்று கேட்பவர்கள்கூட, 'சாயில் ரிப்போர்ட் இருக்கா?' என்று கேட்பதில்லை.

அதில் இருப்பது புரியாத விஷயமும் இல்லை. நிலத்தில் துளை போட்டு, அதற்குள் ஒரு குழாயை இறக்கி, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அதன் மேல் விழச் செய்வார்கள். குழாய் குறிப்பிட்ட 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்பட்டது என்று எண்ணுவார்கள். அதுதான் 'என் வேல்யூ'. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதியின் 2016 பதிப்பில், அது 30-க்கு மேல் என்றால் கெட்டி மண், 10 முதல் 30 வரை நடுத்தரம், 10-க்குக் கீழே என்றால் மென்மையான மண். மென்மையான மண்ணில் கட்டப்படும் உயரமான கட்டடம் தாங்க வேண்டிய நிலநடுக்க விசை, கெட்டி மண்ணில் இருப்பதைப்போல 1.67 மடங்கு வரை போகும் என்று அதே விதி கணக்கு சொல்கிறது. நான்கு மாடி அளவுக்குள் இருக்கும் விறைப்பான கட்டடங்களுக்கு அந்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது.

'அதான் பைல் ஃபவுண்டேஷன் போட்டிருக்கோமே' என்று பில்டர் தரப்பில் பதில் வரலாம். ஆழத் தூண் அடித்தளம் கட்டடத்தின் எடையைக் கெட்டியான அடுக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், கட்டடம் புதையாமல் காக்கும். ஆனால், சுற்றியுள்ள மென்மண் ஆடுவதை அது நிறுத்தாது. எனவே, அடுத்த கேள்வியையும் கேட்டுவிடலாம்: கட்டடத்தின் வடிவமைப்புக் கணக்கில் மண் வகை ஒன்று, இரண்டு, மூன்று என்பதில் எது போடப்பட்டிருக்கிறது? கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தின் ஓரத்தில், குறிப்புகள் பகுதியில் பெரும்பாலும் அது ஒற்றை வரியாக எழுதப்பட்டிருக்கும்.